சக்கரத்தின் ஸ்தானம்: பழைய பிக்கப் வண்டிகளில் முன்டயர் உரசலைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அமெரிக்காவில் பண்ணைகளுக்கும் பட்டறைகளுக்கும் சுமை இழுப்பதற்கென்றே செய்யப்பட்ட பிக்கப் வண்டிகள், தம் காலம் முடிந்து களஞ்சியங்களின் பின்புறத்தில் துருவேறிக் கிடந்தபின், அடுத்தடுத்த தலைமுறையினரின் அபிமானத்துக்குப் பாத்திரமாகி, புதிய எஞ்சினும் புதிய பிரேக்கும் புதிய சஸ்பென்ஷனும் பெற்று மீண்டும் சாலைக்கு வந்திருப்பது, மோட்டார் வாகன சரித்திரத்தில் மனத்துக்கு மிகவும் சந்தோஷம் தரும் ஓர் அத்தியாயம். அந்தச் சந்தோஷத்தை முதல் நாளிலேயே குலைத்துவிடும் சங்கடம் ஒன்று உண்டு. வருஷக்கணக்கில் பாடுபட்டு, வர்ணம் பூசி, மெருகேற்றி, பட்டறையை விட்டு வண்டியை வெளியே எடுத்து, தெருமுனையில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது, முன்டயர் மட்கார்டிலோ சேஸிலோ பட்டு உரசுகிற சப்தம் கேட்கிறது; வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ அந்தச் சப்தம் அதட்டலாகவே எழுகிறது. இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்படுகிறவை பல. டயரை மாற்று என்பார் ஒருவர். ரிம்மை மாற்று என்பார் மற்றொருவர். மட்கார்டின் ஓரத்தை வெட்டிவிடு என்பார் மூன்றாமவர். இவற்றில் எது எப்போது பொருந்தும், எதை முதலில் செய்ய வேண்டும், எதைக் கடைசி வரையில் செய்யாதிருக்க வேண்டும் என்பதை ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கம்.

தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இந்த வண்டிகள் உரசவில்லை என்பதை முதலில் கவனிக்க வேண்டும். ஃபோர்டு கம்பெனி தன் ஐம்பதாம் ஆண்டான 1953-ல் வெளியிட்ட எஃப்-100 வண்டியை எடுத்துக்கொள்வோம். 1956 வரையில் வந்த அந்த உருவந்தான் இன்றும் ஆர்வலர்களின் நெஞ்சில் முதலிடம் பெற்றிருக்கிறது. அதற்கு முந்தைய எஃப்-1 வண்டியில் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையில் 114 அங்குலம் இருந்தது. குறுகிய இடத்தில் சுலபமாகத் திரும்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு முன் ஆக்சிலைப் பின்னுக்குத் தள்ளி, அந்த இடைவெளியை 110 அங்குலமாக்கினார்கள். ஒரே துண்டாக அடித்துச் செய்த ஐ-பீம் ஆக்சில், அதைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள், 6.00-16 என்ற அளவுடைய ஒல்லியான டயர் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டுதான் அந்த மட்கார்டின் வளைவு வரையப்பட்டது. ஆறு அங்குல அகலமும் சுமார் இருபத்தெட்டு அங்குல உயரமும் உள்ள அந்த டயர், முழுக்க ஒடித்தாலும், சுமையால் அமுங்கினாலும், எதையும் தொடாமல் சுழன்றது. ஆக, சக்கரத்தின் ஸ்தானமும் அதன் பருமனும் அதைச் சுற்றியுள்ள தகடும் ஒன்றுக்கொன்று ஒப்பந்தம் செய்துகொண்டவைபோல் இருந்தன.

அந்த ஒப்பந்தத்தை நாம் கலைத்ததற்கு நியாயமான காரணங்கள் இருந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஐ-பீம் ஆக்சில் உறுதியானது. ஆனால் ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மறு சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. வேகமான நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் இங்குமங்கும் அலைகிறது. ஆகவே இரண்டு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பைப் பிற வண்டிகளிலிருந்து எடுத்துப் பொருத்தும் வழக்கம் பரவியது. 1974 முதல் 1978 வரையில் ஃபோர்டு செய்த மஸ்டாங் இரண்டு என்ற சிறிய காரின் முன்னமைப்பு, உருவத்தில் சிறியதாகவும், ராக் அண்ட் பினியன் ஸ்டியரிங்கோடு கூடியதாகவும் இருந்தமையால், இந்த வித்தைக்கே ஓர் இலக்கணமாகிவிட்டது. இன்று அதன் மாதிரியில் புதிதாகவே கிராஸ்மெம்பர் செய்து விற்கிறார்கள். எழுபதுகளின் பிற்பகுதியில் வந்த பிளிமத் வோலாரே காரின், குறுக்கே கிடக்கும் டார்ஷன் பார் உடைய அமைப்பையும் சிலர் எஃப்-100-க்குக் கீழே மாட்டினார்கள். பிற்காலத்தில், 2003 முதல் 2011 வரையில் வந்த கிரௌன் விக்டோரியா கார்கள் பழைய வண்டிச் சந்தையில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், அவற்றின் அலுமினிய கிராஸ்மெம்பரோடு கூடிய முன்னமைப்பை அப்படியே கழற்றி எடுத்து போல்ட் போட்டு முடுக்கும் வழி பிரசித்தமாயிற்று. ஷெவர்லே பிக்கப்புகளில் 1960-லேயே முன்சக்கரங்கள் தனித்தனியாகி, 1963-ல் காயில் ஸ்பிரிங்குக்கு மாறிவிட்டபடியால், அந்த வண்டிக்காரர்கள் பெரும்பாலும் அமைப்பையே மாற்றுவதில்லை. தாழ்த்துவதோடும் டிஸ்க் பிரேக் போடுவதோடும் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அந்த மாற்றங்களும் சக்கரத்தை அதன் பழைய இடத்தில் விட்டுவைப்பதில்லை. டிஸ்க் பிரேக் மாற்றுச் சாமான்களில் பல, சக்கரத்தைப் பக்கத்துக்குச் சில நூல் அளவு வெளியே தள்ளிவிடுகின்றன.

மஸ்டாங் இரண்டின் இரு முன்சக்கரங்களுக்கும் இடையிலுள்ள அகலம் 56 அங்குலத்தை ஒட்டியது; கிரௌன் விக்டோரியாவுக்கோ அது 63 அங்குலத்தை ஒட்டியது. ஏழு அங்குல வித்தியாசமுள்ள இவ்விரண்டும் ஒரே மட்கார்டின் கீழ் வந்து நிற்கும்போது, ஒன்றுக்குப் பொருத்தமான ரிம் மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பது யாருக்கும் விளங்கக்கூடியதே. ஆயினும் ரிம்மை அழகு பார்த்து முதலில் வாங்கிவிட்டு, சஸ்பென்ஷனைப் பிறகு தேடுகிறவர்களே அதிகம். உரசல் பெரும்பாலும் அங்கேதான் உற்பத்தியாகிறது.

இனி உரசலின் காரணத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிவதைவிடச் சூக்ஷ்மமானது. சக்கரம் தன் நடுவைப் பற்றித் திரும்புவதில்லை. கிங்பின்னோ, மேலும் கீழுமுள்ள இரண்டு பால் ஜாயிண்டுகளோ வகுக்கும் ஒரு கோட்டைப் பற்றித்தான் அது திரும்புகிறது. அந்தக் கோடு சாய்வாக இறங்கித் தரையைத் தொடும் இடத்துக்கும், டயரின் நடு தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவுக்கு டயர் ஓர் அகன்ற வட்டத்தில் வீசித் திரும்பும். கீலை விட்டுத் தள்ளியிருக்கும் கதவின் வெளி ஓரம், கீலை ஒட்டிய பாகத்தைவிட அதிக இடத்தைத் துழாவுவது போன்றதே இதுவும். கணக்காகச் சொன்னால், முப்பது டிகிரி ஒடிக்கும்போது அந்தத் தூரத்தில் சரிபாதி அளவுக்குச் சக்கரம் முழுவதும் முன்னாலோ பின்னாலோ நகர்கிறது: திரும்பும் பக்கத்துச் சக்கரம் பின்னுக்குப் போகிறது, எதிர்ப்பக்கத்துச் சக்கரம் முன்னுக்கு வருகிறது. ஆகவே வெளியே தள்ளிய ரிம்மினாலோ, இடையில் செருகிய ஸ்பேசரினாலோ சக்கரத்தை இரண்டு அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தியவர், தாம் அறியாமலே, ஒடிக்கும்போது அதை இன்னும் ஓர் அங்குலம் முன்பின்னாகவும் நகரும்படி செய்துவிடுகிறார். நேராக நிற்கும்போது மட்கார்டுக்கும் டயருக்கும் இடையில் விரல் நுழையும் இடம் இருக்கிறதே, பின் ஏன் உரசுகிறது என்று திகைப்பவருக்கு விடை இதுதான்.

இத்துடன் இன்னொரு விஷயமும் சேர்கிறது. இருபத்தெட்டு அங்குல உயரமும் எட்டு அங்குல அகலமும் உள்ள ஒரு டயர் நேராக நிற்கும்போது, அதன் நடுவிலிருந்து பக்கவாட்டில் நாலு அங்குலந்தான் நீள்கிறது. முப்பது டிகிரி ஒடித்ததும் அதன் முன் மூலை பத்து அங்குலத்துக்கு மேல் நீள்கிறது. இந்த நீட்சி டயரின் நடு உயரத்தில், அதாவது ஆக்சில் மட்டத்தில்தான் அதிகம்; உச்சியை நோக்கிப் போகப்போகக் குறைந்துவிடும். பழைய மட்கார்டின் கீழ் மூலைகள் முன்னும் பின்னும் எங்கே வந்து முடிகின்றன என்று பார்த்தால், வண்டி அதன் இயல்பான உயரத்தில் நிற்கும்வரை சக்கரத்தின் விளிம்பு அவற்றுக்கு எட்டாது. வண்டியை நாலைந்து அங்குலம் தாழ்த்தும்போது மட்கார்டு இறங்குகிறது, சக்கரம் இருந்த இடத்தில் இருக்கிறது; அந்த மூலைகள் டயர் மிக அகலமாக வீசும் மட்டத்துக்கே வந்துவிடுகின்றன. தாழ்த்தினால் மேலே இடிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள்; மூலையில் இடிக்கும் என்பதைத்தான் எதிர்பார்ப்பதில்லை.

1965 முதல் ஃபோர்டு பிக்கப்புகளில் வந்த ட்வின் ஐ-பீம் அமைப்புக்குத் தனியாக ஒரு குணம் உண்டு. அதில் ஒவ்வொரு சக்கரமும் எதிர்ப்பக்கத்தில் முளையடித்த ஒரு நீண்ட பீமின் நுனியில் ஊசலாடுவதால், ஸ்பிரிங்கைக் குறுக்கித் தாழ்த்தினால் சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்து கால் வெளியே போகிறது. மேலே மட்கார்டில் உரசல் குறைந்ததுபோல் தோன்றும்; ஆனால் டயரின் உட்புற ஓரம் சில மாதங்களில் வழுக்கையாகிவிடும். இந்த வண்டிகளில் ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவதைக் காட்டிலும், வளைவு மாற்றிச் செய்த பீமைப் போடுவதே முறையானது என்பது என் அபிப்பிராயம்.

பரிகாரத்துக்குப் போகுமுன் உரசும் இடத்தைப் பிரத்தியக்ஷமாகக் காண வேண்டும். வண்டியை நிறுத்தி, மட்கார்டின் உட்பக்கத்தில் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் புழுதியால் மங்கியிருக்க, ஓரிடத்தில் மட்டும் வர்ணம் போய் இரும்பு வெள்ளிபோல் பளிச்சென்று தெரியும். அதன் கீழே கறுத்த ரப்பர்த் தூள் மடிப்பில் தங்கியிருக்கும். டயரின் தோளில் சுண்ணாம்புக்கட்டியால் அடர்த்தியாகக் கோடிட்டுவிட்டு, ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மெதுவாக ஒடித்தால், சுண்ணாம்பு எங்கே அழிகிறது, எங்கே ஒட்டுகிறது என்பது சந்தேகமறத் தெரிந்துவிடும். தரையில் நிறுத்திச் செய்யும் சோதனை பாதிச் சோதனைதான். ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, சேஸைத் தாங்கியின் மேல் பத்திரமாக நிறுத்தி, கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து, பம்ப் ஸ்டாப் தொடும் வரையில் சக்கரத்தை அரை அங்குலம் அரை அங்குலமாக உயர்த்தி, ஒவ்வோர் உயரத்திலும் இரு புறமும் முழுக்க ஒடித்துப் பார்க்க வேண்டும். மட்கார்டை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல், ஆன்டி-ரோல் பார், மேல் ஆர்ம், டை ராட் எண்ட், பிரேக் ஹோஸ் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். தகட்டில் உரசுவது சப்தத்தாலாவது தன்னைக் காட்டிக்கொள்ளும், ஹோஸில் உரசுவதோ ஒரு நாள் பிரேக்கே இல்லாமல் செய்துவிடும்.

ஒரு பக்கத்தில் மட்டும் உரசினால் ரிம்மையும் டயரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அறுபது எழுபது வருஷம் உழைத்த சேஸ் முறுக்கேறியிருக்கலாம். உடம்பு சேஸின் மேல் ஒரு பக்கமாக நகர்ந்து அமர்ந்திருக்கலாம். புதிய கிராஸ்மெம்பர் கோணலாக வெல்டு செய்யப்பட்டிருக்கலாம். தூக்குக் குண்டு கட்டி நாலு சக்கரங்களின் நடுவையும் தரையில் குறித்து, நேரளவையும் மூலைவிட்ட அளவையும் எடுத்தால் சேஸின் நிலை தெரியும். மட்கார்டுகளின் ஓரங்களிலிருந்தும் அப்படியே குண்டு விட்டுப் பார்த்தால் உடம்பின் நிலை தெரியும். பழைய ஐ-பீம் ஆக்சிலையே வைத்திருப்பவர் ஸ்பிரிங் பட்டையின் நடு போல்ட் அறுந்திருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது; அது அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் முன்பின்னாக நகர்ந்துவிடும்.

பரிகாரங்களில் முதலாவதாகக் கருதத்தக்கது ரிம்மின் ஆழம். ரிம்மின் உள்விளிம்பிலிருந்து போல்ட் போடும் முகம் வரையிலுள்ள அளவையே ஆதாரமாகக் கொள்ள வேண்டும். ஏழு அங்குல ரிம் என்று சொல்லப்படுவது விளிம்போடு விளிம்பாக அளந்தால் சுமார் எட்டு அங்குலம் இருக்கும். ஆகவே நாலு அங்குல ஆழமுள்ள ஏழங்குல ரிம், சரிநடுவில் போல்ட் முகம் உடையது. அதே நாலு அங்குல ஆழத்தோடு எட்டங்குல ரிம் வாங்கினால், கூடிய ஓர் அங்குலமும் முழுக்க வெளியே போய் மட்கார்டை நோக்கி நிற்கும். கிரௌன் விக்டோரியாவின் சொந்த ரிம்கள் ஐந்து அங்குலத்துக்கு மேல் ஆழமுள்ளவை. அந்த அமைப்பின் அகலத்துக்கு அதுவே பொருத்தம். பழைய பாணியில் வெளியே குழிந்து பளபளக்கும் ஆழமற்ற ரிம்களை அதன்மேல் மாட்டினால் பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் எளிதாக வெளியேறிவிடும். அதன் விளைவை முன்னரே கணக்கிட்டோம். ஒல்லியான மஸ்டாங் இரண்டு அமைப்பில் எதிர்க் குற்றம் நேரும்: ஆழம் மிகுந்த ரிம், டயரின் உட்புறத்தை மேல் ஆர்மோடும் ஆன்டி-ரோல் பாரோடும் மோதவிடும். அங்கே இரண்டு நூல் கனமுள்ள ஸ்பேசர் போதுமானதாயிருந்தால் போடலாம். ஆனால் ஸ்பேசர் போட்டபின் நட்டு முடுக்கும் மரை, போல்ட்டின் விட்டத்துக்குக் குறையாத நீளம் பிடிக்கிறதா என்று பாராமல் வண்டியை நகர்த்தலாகாது.

டயரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பழைய 6.00-16 டயரின் உயரமான இருபத்தெட்டு அங்குலத்தை அநேகமாக ஒத்திருப்பது 215/75ஆர்15. 235/75ஆர்15 அந்தப் பழைய டயரைவிட ஏறக்குறைய ஓர் அங்குலம் உயரமாகவும், மூன்று அங்குலத்துக்கு மேல் அகலமாகவும் இருக்கிறது. முன்னால் 225/60ஆர்16 போட்டால் உயரம் இருபத்தாறரை அங்குலத்துக்கு வந்துவிடும், மூலைகளில் பக்கத்துக்கு முக்கால் அங்குல சௌகரியம் கிடைக்கும். பின்சக்கரத்தில் பெரியதும் முன்சக்கரத்தில் சிறியதுமாகப் போடுவது அழகுக்கும் குறைவில்லாதது. ஒரே அளவென்று எழுதிய இரண்டு கம்பெனி டயர்கள் தோளில் அரை அங்குலம்வரை வேறுபடக்கூடும் என்பதால், மயிரிழையில் தப்பும் இடங்களில் அட்டவணையை நம்பாமல் கையால் அளந்து வாங்க வேண்டும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது சக்கரத்தின் முன்பின் ஸ்தானத்தை. 1953 முதல் 1956 வரையிலான எஃப்-100 வண்டியைத் தாழ்த்தியபின் பார்த்தால், சக்கரம் மட்கார்டு வளைவின் நடுவில் நில்லாமல் பின்னுக்கு ஒதுங்கியதுபோல் தோன்றும். ஆகவே புதிய கிராஸ்மெம்பர் வைக்கும்போது ஓர் அங்குலம்வரை முன்தள்ளி வைக்கும் பழக்கம் அனுபவஸ்தர்களிடையே ஏற்பட்டிருக்கிறது. இதைச் செய்வதற்குரிய தருணம் வெல்டிங்குக்கு முன்பு. ஆனால் நடப்பதென்ன? வேலைக்கு இடைஞ்சலென்று மட்கார்டு, பானெட், ரேடியேட்டர் தாங்கி எல்லாவற்றையும் கழற்றி ஒரு மூலையில் சாத்திவிட்டு, வெறும் சேஸில் கிராஸ்மெம்பரை அளந்து வெல்டு செய்துவிடுகிறார்கள். மட்கார்டு திரும்பி வந்து மாட்டப்படும் நாளில்தான் சக்கரம் தவறான இடத்தில் நிற்பது தெரிகிறது. இரண்டொரு பொட்டு வெல்டோடு நிறுத்தி, வாங்கப்போகும் ரிம்மையும் டயரையுமே மாட்டி, தீர்மானித்த உயரத்தில் வண்டியை நிறுத்தி, மட்கார்டைத் தற்காலிகமாகத் தொங்கவிட்டு, ஒடித்துப் பார்த்தபின் முழு வெல்டு போடுவதற்கு ஒரு பகல் அதிகமாகும். அந்த ஒரு பகலை மிச்சம் பிடித்தவர்கள்தாம் பிறகு மட்கார்டை வெட்டுகிறார்கள்.

வெல்டு முடிந்துவிட்ட வண்டியிலும் சிறிது இடம் தேடலாம். அலைன்மெண்டில் காஸ்டர் என்று சொல்லும் சாய்வை அதிகப்படுத்த இரண்டு வழிகள் உண்டு: மேல் பால் ஜாயிண்டைப் பின்னுக்கு நகர்த்துவது ஒன்று, கீழ் பால் ஜாயிண்டை முன்னுக்கு நகர்த்துவது மற்றொன்று. இரண்டும் ஒரே டிகிரியைத் தரும். ஆனால் முதலாவது சக்கரத்தைப் பின்னேயும் இரண்டாவது அதை முன்னேயும் கொண்டுபோகும். இரண்டு பால் ஜாயிண்டுகளுக்கும் இடையே எட்டங்குல உயரமுள்ள அமைப்பில் ஒரு டிகிரிக்கு ஒரு நூலுக்குச் சற்று அதிகமாக நகர்த்த வேண்டியிருக்கும். மட்கார்டின் பின்மூலையில் உரசும் வண்டியில், மேலே போட்ட ஷிம்களை எடுத்துவிட்டு, ஸ்ட்ரட் ராடைச் சரிசெய்து கீழிருந்தே அதே காஸ்டரைப் பெற்றால், ஸ்டியரிங்கின் நேர்மை கெடாமல் மூன்று நாலு நூல் இடம் கிடைக்கும். பல வண்டிகளுக்கு அவ்வளவே போதும். அலைன்மெண்ட் கருவி காட்டும் எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தியடைகிற இடங்களில் இந்த வித்தியாசத்தை யாரும் கவனிப்பதில்லை.

உடம்பையும் சிறிது நகர்த்தலாம். ரேடியேட்டர் தாங்கியின் கீழுள்ள ரப்பர் மெத்தைகள் நைந்து போயிருந்தால் வண்டியின் முகமே இறங்கியிருக்கும். புது ரப்பரும் அதன்கீழ் ஓரிரண்டு ஷிம்மும் வைத்தால் மட்கார்டு அதன் இயல்பான உயரத்துக்கு வரும். பானெட்டுக்கும் கதவுக்கும் இடையிலுள்ள சந்துகள் மாறிவிடாமல் பார்த்துக்கொண்டு கால் அங்குலம்வரை ஏற்றலாம். அதற்கு மேல் ஏற்றினால் கண்ணுக்கே தெரியும்.

ஸ்டியரிங் ஒடியும் கோணத்தைக் குறைப்பது எல்லோருக்கும் எளிதில் தோன்றும் யுக்தி. ஐ-பீம் ஆக்சிலில் ஸ்டாப்பர் போல்ட்டை வெளியே திருகி லாக் நட்டை முடுக்கினால் முடிந்தது. ராக் ஸ்டியரிங்கில் பெல்லோஸைக் கழற்றி உள்ளே வளையம் செருக வேண்டும். இது குற்றமற்ற வழிதான், ஆயினும் இதற்கு ஒரு விலை இருக்கிறது. 110 அங்குல இடைவெளியுள்ள வண்டியில் வெளிச்சக்கரம் முப்பத்தைந்து டிகிரி ஒடியுமானால் அது பதினாறு அடி ஆரத்தில் திரும்பும். முப்பது டிகிரிக்குக் குறைத்தால் பதினெட்டு அடிக்கு மேலாகிவிடும். எதற்காக ஃபோர்டு கம்பெனி ஆக்சிலையே பின்தள்ளியதோ அந்தச் சௌகரியத்தை இழக்கிறோம். இரண்டு மூன்று டிகிரி குறைப்பதை நான் ஆட்சேபிக்க மாட்டேன். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் உரசும் வண்டிக்கு உயரமான பம்ப் ஸ்டாப்போ, சற்றுக் கடினமான ஸ்பிரிங்கோ தகுந்தது. ஏர் பேக் போட்டவர்கள், காற்று முழுதும் இறங்கிய நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பலாகாது என்பதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டத்தின் நடுவில் காற்றுக் குழாய் விட்டுவிட்டாலும் டயர் தகட்டைக் கவ்வாதபடி உள்ளே ஒரு நிறுத்தம் இருந்தே தீர வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மிஞ்சினால்தான் தகட்டில் கை வைக்கலாம். ரிம் மறுபடி வாங்கலாம், டயர் தேய்ந்தால் மாறத்தான் போகிறது, கிராஸ்மெம்பர் இன்றும் செய்கிறார்கள். 1953-ல் அச்சில் அழுத்தப்பட்ட அசல் மட்கார்டோ, வெட்டினால் வெட்டியதுதான். பழையதாக நல்லது ஒன்று கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் அரிதாகிறது. அவசியமானால் முதலில் உள் மடிப்பைச் சூடுகாட்டி மேல்நோக்கித் திருப்பித் தட்டிப் படியவிட வேண்டும். குளிர்ந்த தகட்டைத் தட்டினால் வர்ணம் வெடித்து, அந்த வெடிப்பில் ஈரம் புகுந்து, இரண்டு மழைக்காலத்தில் துரு வெளியே வந்துவிடும். அதுவும் போதாமல் மடிப்பை அறுத்தே ஆக வேண்டுமென்றால், அறுத்த ஓரத்தின் உட்பக்கம் முழுவதும் மெல்லிய இரும்புக் கம்பியை வளைத்து வெல்டு செய்துவிட வேண்டும். மடிப்புத்தான் அந்த வளைவுக்கு விறைப்பைக் கொடுத்துக்கொண்டிருந்தது, அது போனபின் மட்கார்டு வேகத்தில் துடிக்கத் தொடங்கும். மட்கார்டுக்கு உள்ளே எஞ்சினை மறைக்கும் தகட்டை வெட்டி உயரமாகச் செய்துகொள்வதில் அவ்வளவு தயக்கம் வேண்டியதில்லை. அதை மறுபடி செய்வது கைதேர்ந்த தகட்டு வேலைக்காரருக்கு எளிது, வெளியே தெரிவதும் இல்லை.

எந்தப் பரிகாரம் செய்தாலும், புதிய ஸ்பிரிங் சில நூறு மைல் ஓடியபின் அமர்ந்து, வண்டி இன்னும் சில நூல் இறங்கும் என்பதை எதிர்பார்த்து, அதற்கப்புறம் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒருமுறை சோதிக்க வேண்டும். எஞ்சினை மாற்றியவர், முன்னிலும் கனமான எஞ்சின் வைத்திருந்தால், அந்தச் சோதனையை ரேடியேட்டரில் தண்ணீரும் டாங்கியில் பெட்ரோலும் நிரப்பி, ஓட்டுகிறவர் இருக்கையில் ஆளை உட்காரவைத்தே செய்ய வேண்டும்.